சுமியின் கொப்பியில் என் கையெழுத்து

மகன்,

நீ கேட்டுவிட்டுப் போன கேள்விக்குப் பதில் இந்தக் கடிதத்தின் கடைசியில்தான் இருக்கிறது. அதை மட்டும் தேடிப் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடாதே. தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். ஆனால் தொலைபேசியில் எனக்கு அழத் தெரியும், சண்டை பிடிக்கத் தெரியும், உள்ளதைச் சொல்லத் தெரியாது. நான் அழத் தொடங்கினால் நீயும் இரங்கிப் போவாய். இந்தத் தடவை நீ இரங்கக் கூடாது. அதனால்தான் எழுதுகிறேன்.

துஷியும் அவளுடைய தாய் தகப்பனும் நம் வீட்டுக்கு வந்துபோய் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஆகின்றன. உனக்குப் பெண் கொடுக்கப் போகிறவர்கள் முதல் தடவையாக இல்-பிசாருக்கு, பஸ்ஸே ஒழுங்காக வராத இந்தத் தீவுக்கு, வாசலில் சப்பாத்தைக் கழற்றி வரிசையாக வைத்துவிட்டு உள்ளே வந்தார்கள். நான் நாலு வகைப் பலகாரம் செய்திருந்தேன். உனக்கும் அப்பாவுக்கும் எனக்கும் பீங்கான் கோப்பையில் தேநீர். அவர்கள் மூன்று பேருக்கும் பேப்பர் கோப்பை, பேப்பர் தட்டு. யாருடையதோ பிறந்தநாளுக்கு வாங்கி மிஞ்சியவை, பலூன் படம் போட்டவை. துஷியின் தாய் அந்தக் கோப்பையைப் பார்த்தார், பிறகு என் கையிலிருந்ததைப் பார்த்தார். நான் முந்திக்கொண்டு, "குறை நினையாதேங்கோ, பாத்திரம் கழுவுற மெஷின் பழுதாப் போச்சு" என்றேன். சொல்லி வாய் மூடவில்லை, குசினிக்குள் அந்த மெஷின் வேலையை முடித்துவிட்டு மூன்று தரம் கீச்சிட்டது. ஒருவரும் சிரிக்கவில்லை. துஷியின் தகப்பன் தேநீர் நல்லாயிருக்கு என்றார்.

நீ அவர்களைக் காருக்குக் கொண்டுபோய் விட்டுத் திரும்பி வந்தபோது நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்பது எனக்கு மறக்கவில்லை. பேப்பர் கோப்பைகளைக் குப்பைப் பையில் போட்டு, முடிச்சுப் போட்டு, வெளியே வைத்தாயிற்று. துணியில் ஜாவெல் ஊற்றிச் சோபாவின் கைப்பிடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். வெள்ளைத் துணி துவைக்கிற அந்தக் காரத் தண்ணீரைப் போட்டால் சோபாத் துணி வெளிறிவிடும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் துடைத்தேன். நீ கீழ் அறைக்குப் போய், ஒரு பழைய பச்சைக் கொப்பியோடு வந்து, அதை மேசையில் விரித்து வைத்தாய்.

"அம்மா, இதை வாசியுங்கோ. வாசிச்சுப்போட்டு, என்ர கலியாணத்துக்கு வாறதோ இல்லையோ எண்டு நீங்களே சொல்லுங்கோ. வாறதெண்டா மனுசரா வாங்கோ" என்றாய்.

நான் உடனே வாசிக்கவில்லை. மூன்று நாள் அது மேசையிலேயே கிடந்தது. அதைச் சுற்றிச் சுற்றித் துடைத்தேன்.

அவர்கள் எந்த ஆக்கள் என்று எனக்கு எப்படித் தெரியும் என்று நீ ஒருநாளும் கேட்கவில்லை. நானே சொல்கிறேன், காறித் துப்ப வேண்டுமென்றால் துப்பு. நீ துஷியின் பெயரைச் சொன்ன அன்றே போன் காட் ஒன்றைச் சுரண்டி நம்பரை எடுத்தேன். ரொறொன்ரோவுக்கு ஒரு அழைப்பு, லண்டனுக்கு ஒன்று, யாழ்ப்பாணத்துக்கு ஒன்று. எந்த ஊர், ஊரில் எந்த றோட்டு, றோட்டில் எந்தக் கோயிலடி, அந்தக் கோயிலில் எந்தத் திருவிழா அவர்களுடையது, தகப்பனின் தகப்பன் என்ன வேலை. இரண்டு நாளில் முழுவதும் வந்துவிட்டது. இத்தனை வருட யுத்தத்தில் பிள்ளைகள் காணாமல் போனார்கள், காணி உறுதிகள் எரிந்தன, அரசாங்கக் கச்சேரியில் பிறப்புப் பதிவும் இல்லை என்கிறார்கள். ஆனால் இந்த ஒரு விபரம் மட்டும் ஒரு கீறலும் படாமல் எல்லார் வாயிலும் பத்திரமாக இருக்கிறது. இந்த வசந்தத்தில் ஒட்டாவாவில், பாராளுமன்றத்துக்கு முன்னால், யுத்தத்தை நிறுத்தச் சொல்லி றோட்டில் இருந்து அழுதபோது, யாரோ நீட்டிய தண்ணீர்ப் போத்தலை யார் என்று கேளாமல் வாங்கிக் குடித்தவள்தான் நான். வீட்டுக்கு வந்ததும் கேட்கத் தொடங்கிவிட்டேன்.

இனிச் சுமியைப் பற்றி.

அவள் கொரியாவிலிருந்து வந்தபோது உனக்குப் பதினாறு வயது, அவளுக்கு இருபது. டவுன்ரவுனில் ஒரு ஆங்கிலப் பள்ளிக்கூடம் அப்படிப்பட்ட பிள்ளைகளை ஆங்கிலம் தெரிந்த வீடுகளில் தங்க வைத்தது. ஆங்கிலம் படிக்கப் பிரெஞ்சு ஊருக்கு ஏன் வந்தாய் என்று அப்பா கேட்டார். ரொறொன்ரோவுக்குப் போனால் கொரியப் பிள்ளைகளோடு கொரிய மொழியே பேசிக்கொண்டிருப்பாள் என்று தாய் இங்கே அனுப்பினாராம். உன் அக்கா கலியாணம் முடித்துப் போனதில் கீழ் அறை காலியாக இருந்தது. நான் ஆசைப்பட்டு அவளை எடுத்ததற்குக் காரணம் வேறு. ஊரில் பரீட்சையில் ஆங்கிலத்துக்குத் திறமைச் சித்தி எடுத்தவள் நான். இங்கே வந்து டெப்பனர் என்கிற மூலைக்கடையில் பால் வாங்கப் போனாலே பிரெஞ்சில் திணறி, கையால் காட்டி, "மெர்சி" என்று அசடு வழிந்துகொண்டு திரும்புகிறவள். என் ஆங்கிலத்தைக் கேட்க இந்த நகரத்தில் எனக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது. கடவுள் சுமியை அனுப்பினார். நம் சனம் அவளைச் சுமித்திராவோ என்று கேட்கும். அவளும் ஓம் என்று தலையாட்டுவாள்.

அவள் சொல் படிக்கிற விதம் உனக்கு ஞாபகம் இருக்கும். சின்னச் சின்ன மட்டைகளை ஒரு வளையத்தில் கோத்து வைத்திருப்பாள். ஒரு பக்கம் ஆங்கிலம், மறுபக்கம் கொரியம். ஒரு நாளைக்குப் பத்துச் சொல். தீவிலிருந்து பஸ் ஏறி மெற்றோ வரைக்கும் போகிற ஒரு மணித்தியாலமும், தேவாரம் சொல்கிறவள் மாதிரி வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே போவாள். கையடக்க அகராதி ஒன்று இருந்தது, பொத்தானை அமத்தினால் பேசும். ஆனால் அவளுடைய ரீச்சர் பொல்லாதவர். அகராதியில் இருக்கிற வசனத்தைப் பார்த்து எழுதக் கூடாது. அன்றைக்குத் தன் கண்ணால் கண்ட ஒன்றை வைத்துத்தான் ஒவ்வொரு சொல்லுக்கும் வசனம் எழுத வேண்டும். வெள்ளிக்கிழமையில் தங்கியிருக்கிற வீட்டுக்காரர் அதை வாசித்துக் கையெழுத்து வைக்க வேண்டும். அந்த வீட்டுக்காரர் நான். சொல்லை அவள் சரியாக உச்சரிக்காவிட்டால் பத்துத் தரம் சொல்ல வைப்பேன். எனக்குத் தமிழில் ழகரமே உருப்படியாக வராது, நான் அவளுக்கு வாத்தியார்.

வந்து ஒரு கிழமை இருக்கும். மேசையில் சொதிச் சட்டி. சுமி வாயில் வைத்த கரண்டியை அப்படியே சட்டிக்குள் விட்டாள். குடித்தாள், நல்லாயிருக்கு என்றாள், திரும்பவும் விட்டாள். நான் என் கரண்டியைக் கீழே வைத்தேன். எச்சில். அந்த ஒரு சொல்லோடு வளர்ந்தவள் நான். அப்பா பிறகு அறைக்குள் வைத்துச் சொன்னார், துறைமுகத்தில் தன்னோடு லொறி ஓடுகிற கொரியன் ஒருவரிடம் கேட்டாராம். "அவைக்கு அது அன்பப்பா. ஒரு சட்டியிலை எல்லாரும் கரண்டி போட்டாத்தான் ஒரு வீட்டு ஆக்கள் எண்டு அர்த்தமாம். நீ ஒருக்காச் சொல்லிவிடு, அந்தப் பிள்ளை விளங்கிக்கொள்ளும்."

சொல்லியிருக்கலாம். 'இங்கே அகப்பையால் எடுத்துப் போடுவோம், பிள்ளை' என்ற ஒரு வசனம். நாளுக்குப் பத்துச் சொல் படிக்கிறவளுக்கு அது ஒரு நிமிட வேலை. நான் சொல்லவில்லை. சிரித்தேன். அடுத்த நாள் அவளுக்கென்று ஒரு நீலக் கோப்பை, ஒரு தட்டு, ஒரு கரண்டி எடுத்து யன்னல் ஓரத்தில் தனியாக வைத்தேன். கழுவுவதற்குத் தனிப் பஞ்சு. எச்சிலுக்குப் பயந்து அப்படிச் செய்தேன் என்றுதான் என் மனதுக்கும் சொல்லிக்கொண்டேன். பொய். சட்டியில் கரண்டி விடக்கூடாது என்றால் சட்டியைத்தான் காக்க வேண்டும், கோப்பையை ஏன் பிரிக்க வேண்டும்? ஊரில் எங்கள் வீட்டில் வேலைக்கு வருகிறவர்களுக்குத் தேநீர் குடிக்கப் பின்பக்கம் சிரட்டை இருந்தது. கை அதுவாகப் போய் அதையே செய்தது. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பது சும்மா இல்லை.

பிறகு ஒரு நாள் அந்தச் சொல் வந்தது. டிஸ்கஸ்ட், அருவருப்பு. அகராதி கொரிய மொழியில் அர்த்தம் சொல்லிவிட்டது. ஆனால் அது எப்போது வரும், எதைக் கண்டால் வரும் என்று பிடிபடவில்லை, வசனம் எழுத முடியவில்லை என்று சாப்பாட்டு மேசையில் கேட்டாள். நீ கண்ணைச் சொருகி நாக்கை நீட்டிக் காட்டினாய். அப்பா பாவற்காய் என்றார். நான் சும்மா இருந்திருக்கலாமே. "இரு, நான் சொல்லித்தாறன்" என்று எழும்பிப் போய், பிரிட்ஜைத் திறந்து, அவளுடைய கோவா ஊறுகாய், அந்தக் கிம்ச்சிப் போத்தலைக் காட்டி, மூக்கைப் பொத்தி, முகத்தைச் சுழித்துக் காட்டினேன். எல்லாரும் சிரித்தோம். சுமியும் சிரித்தாள், மட்டையில் எழுதிக்கொண்டாள். அடுத்த நாள் பிரிட்ஜில் அந்தப் போத்தல் இல்லை. நடு மாரி. பின் கதவுக்கு வெளியே, பனிக்குள் ஒரு வாளியைக் கவிழ்த்து அதன் கீழே வைத்திருந்தாள். பள்ளிக்கூடத்தால் வந்து, கோட்டோடு வெளியே நின்று, சோற்றுக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு சாப்பிடுவாள். மூச்சு புகையாகப் போகும். குசினி யன்னலால் அதை நான் பார்த்தேன், மகன். பார்த்தபோது எனக்கு என்ன தோன்றியது என்று சொல்லட்டுமா? அப்பாடா, இனி வீடு மணக்காது என்று தோன்றியது.

உன் பச்சைக் கொப்பியை நாலாம் நாள் வாசித்தேன். உன்னுடையது என்று எழுதிவிட்டேன், அவளுடையது. அந்தக் கிழமைப் பக்கத்தில் பத்துச் சொல். ஏழாவது அந்தச் சொல். அதற்குப் பக்கத்தில், அழகான குண்டு எழுத்தில், அவள் எழுதியிருந்ததைத் தமிழில் சொல்கிறேன். 'இந்த வீட்டு அம்மா மற்றக் கோப்பைகளை ஒரு தரம் கழுவுகிறார். என் கோப்பையை மூன்று தரம் கழுவுகிறார். அவர் சிரிக்கிறார், ஆனால் அவருக்கு என் மேல் அருவருப்பு.' கீழே ரீச்சர் சிவப்பு மையால் ஒரு காற்புள்ளியைத் திருத்தி, நல்ல அவதானிப்பு என்று எழுதியிருந்தார். அதற்கும் கீழே என் கையெழுத்து. சுழித்து, கோடு இழுத்து, இரண்டு புள்ளி வைத்து. அந்தப் பக்கத்தில் எல்லாவற்றையும் விடப் பெரிதாக இருந்தது என் பெயர்தான்.

நான் வாசிக்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமையும் வாசித்ததில்லை. ஒரு கையால் கறியைக் கிண்டிக்கொண்டு மற்றக் கையால் கையெழுத்து வைப்பேன். ஆனால் அது அவளுக்குத் தெரியாதே. இரண்டு கையாலும் கொப்பியை நீட்டிவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். இப்போது அது எனக்கு நல்லாக ஞாபகம் வருகிறது, வழக்கத்தை விட அன்று கொஞ்சம் கூடுதலாக நின்றாள். கேட்க வாய் வராததை எழுதிக் கேட்டிருக்கிறாள். நான் கையெழுத்து வைத்து, சிரித்து, "வெரி குட்" என்றேன். ஓம் பிள்ளை, நீ எழுதியது சரி, எனக்கு உன் மேல் அருவருப்புத்தான் என்று அவளுக்கு எழுத்தில் உறுதி கொடுத்திருக்கிறேன். அதற்குப் பிறகு ஐந்து மாதம் அவள் நம் வீட்டில் இருந்தாள். அதற்குப் பிறகுதான் அவள் தன் கோப்பையை, நான் தொடுவதற்கு முதல், தானே கழுவி வைக்கத் தொடங்கினாள். எவ்வளவு நல்ல வளர்ப்பு பார், இந்தக் காலத்துப் பிள்ளைகள் இப்படி இருக்க மாட்டார்கள் என்று நான் கோயிலில் நாலு பேருக்குச் சொன்னேன்.

அவள் போன பிறகு அறையை ஒதுக்கும்போது நீ அதை எடுத்திருக்கிறாய். வாசித்திருக்கிறாய். எட்டு வருடம் ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் கோடையிலிருந்து நீயும் உன் தட்டை நீயே கழுவினாய். அதையும் நான் பெருமையாகத்தான் சொல்லித் திரிந்தேன். நீ ஏன் அன்றே என் மூஞ்சியில் அதை எறியவில்லை என்று முதல் நாள் உன் மேல் ஆத்திரம் வந்தது. பிறகு ஆத்திரம் போய்விட்டது. பெற்ற தாயிடம் எந்தப் பதினாறு வயதுப் பிள்ளை அதைச் சொல்லும்?

சுமிக்கு எழுதலாம் என்று பார்த்தேன். விலாசம் இல்லை. அந்தப் பள்ளிக்கூடமும் மூடியாயிற்று. அந்தப் பாவத்துக்குப் போய்க் கதவு தட்ட எனக்கு ஒரு வீடு இல்லை. இருக்கிற வீட்டுக்குப் போவோம் என்று போன சனிக்கிழமை வெளிக்கிட்டேன். அப்பாவுக்கும் சொல்லவில்லை. பஸ், மெற்றோ, பிறகு நடை. பார்க் எக்ஸ் பகுதியில் துஷி வீடு, மூன்றாம் மாடி. துஷியின் தாய்தான் கதவைத் திறந்தார். என்னைக் கண்டதும் அவருடைய கை கதவுப் பிடியிலேயே நின்றது. பிறகு "வாங்கோ" என்றார். துஷியும் தகப்பனும் வேலைக்குப் போயிருந்தார்கள். நான் இருக்கவில்லை, நின்றபடியே சொன்னேன்.

"அண்டைக்கு மெஷின் பழுதில்லை. தெரிஞ்சுதான் பேப்பர் கோப்பையிலை தந்தனான்."

"தெரியும்" என்றார் அவர். "காரிலை போகேக்கை இவர் சொன்னவர், ஊரிலை சிரட்டை, கனடாவிலை பலூன் போட்ட கோப்பை, முன்னேற்றம்தானே எண்டு. அவர் சிரிச்சவர். துஷி அழுதவள்."

பிறகு அவரே "சமைச்சிருக்கு, இருங்கோ" என்று மேசையைக் காட்டினார். புட்டும் மீன் குழம்பும். நல்ல கோப்பையில் தண்ணீர். இப்போது நீ நினைப்பாய், அம்மா திருந்திவிட்டா, ஆசையாகச் சாப்பிட்டிருப்பா என்று. இல்லை. முதல் வாயை எடுத்து வைத்து, விழுங்காமல் மென்றுகொண்டே இருந்தேன். சுத்தமான வீடு, சுத்தமான கை, எங்கள் வீட்டுக் குழம்பை விட நல்ல குழம்பு. ஆனாலும் விழுங்க மனம் வரவில்லை. என் மேல் எனக்கு வந்த அருவருப்புப் போல ஒன்று இந்த ஐம்பத்தெட்டு வயதுக்குள் எனக்கு வந்ததில்லை. அவர் எதிரே இருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, கஷ்டப்பட்டு விழுங்க வேண்டாம். நான் கார்டெரியிலை, பிள்ளையள் பராமரிக்கிற இடத்திலை, சின்னதுகளுக்குச் சாப்பாடு தீத்துறவள். ஆர் துப்பும், ஆர் விழுங்கும் எண்டு வாயிலை வைக்க முதலே முகத்திலை தெரியும்."

"நான் துப்பமாட்டன்" என்றேன். சின்னப் பிள்ளை மாதிரித்தான் சொன்னேன். முழுவதையும் சாப்பிட்டு முடித்தேன், மெல்ல மெல்ல. அவர் எழும்பவும் இல்லை, வேறு பக்கம் பார்க்கவும் இல்லை. இன்னும் போடவா என்று கேட்கவும் இல்லை.

இதில் உனக்கும் ஒன்று இருக்கிறது. என் முகம் உனக்கும் இருக்கிறது, மகன். நீ கறுவேப்பிலையை ஒதுக்கும்போது நான் பார்த்திருக்கிறேன், அதே சுழிப்பு. ஒரு நாள் துஷி சமைத்த எதிலாவது, அவளுடைய ஆட்கள் யாரிடமாவது அது வரும். நான் படித்தவன், எனக்கு வராது என்று இருந்துவிடாதே. வந்தால், என்ன என்று அவள் கேட்டால், ஒன்றுமில்லை என்று சிரிக்காதே. இருக்கிறதைச் சொல்லு, சண்டை வரட்டும். அவள் உன்னிடம் எதை நீட்டினாலும், அடுப்பில் எது கருகினாலும் கருகட்டும், முதலில் அதை வாசி.

போக வெளிக்கிட்டபோது துஷியின் தாயிடம் மன்னிப்புக் கேட்டேன். கேட்டேன் என்று எழுதச் சுகமாக இருக்கிறது, கேட்கும்போது அப்படி இருக்கவில்லை. அவர் சுற்றிவளைக்காமல் சொன்னார். "நான் இன்னும் மன்னிக்கேல்லை. அதுக்கு நாள் போகும், சிலவேளை வராமலும் போகும். ஆனா கலியாணத்துக்கு வாங்கோ. மாமியார் வரேல்லை எண்டா சனம் என்ர பிள்ளையைத்தான் கதைக்கும்."

"பந்தியிலை உங்களுக்குப் பக்கத்திலை இருந்து சாப்பிடலாமோ?" என்று கேட்டேன்.

அவர் கதவைப் பிடித்துக்கொண்டு யோசித்தார். "அதை அண்டைக்குப் பாப்பம்" என்றார்.

ஆகவே, மகன், வருகிறேன். மாப்பிள்ளையின் தாய் என்று எனக்கு முதல் பந்தியில் இடம் பிடித்து வைக்காதே, அப்பாவையும் பிடிக்க விடாதே. வாழையிலை போட்டதும் நான் சுவரோரமாக நிற்பேன். அவர் கூப்பிட்டால் போய்ப் பக்கத்தில் இருப்பேன். கூப்பிடாவிட்டால் கடைசிப் பந்தி வரைக்கும் நின்று பரிமாறுவேன்.

அம்மா